ஹாம்பர்கருக்கு எந்த பன்?

கெட்டியான, மொறுமொறுப்பான மேல்தோல் கொண்ட ரொட்டிக்குள் ஹாம்பர்கரை வைத்துக் கடித்தவர்களுக்கு, பன்னின் வேலை என்ன என்பதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை. பல் ரொட்டியின் தோலைத் தாண்டுவதற்கு முன்பே அந்த அழுத்தம் முழுவதும் உள்ளே இருக்கும் இறைச்சியின் மேல் விழுகிறது. இறைச்சி வில்லை பின்பக்கமாக நழுவுகிறது, தக்காளித் துண்டு அதற்கும் முன்னால் வெளியே வந்துவிடுகிறது, சாறு மணிக்கட்டு வரை வழிகிறது. தனியாக வெண்ணெய் தடவிச் சாப்பிட அந்த ரொட்டி எவ்வளவு அருமையாக இருந்தாலும் ஹாம்பர்கருக்கு அது உதவாது. பன்னைத் தேர்ந்தெடுப்பதற்கு நான் வைத்திருக்கும் அளவுகோல் எளிமையானது: இறைச்சியைவிட ரொட்டி முதலில் பல்லுக்கு இணங்க வேண்டும், அதே ரொட்டி, கொழுப்பும் சாறும் ஊறிய பிறகும் கடைசிக் கடி வரை பிய்ந்துபோகாமல் கையில் நிற்க வேண்டும். இந்த இரண்டும் ஒன்றுக்கொன்று எதிரான தேவைகள் என்பதால்தான் இந்தத் தேர்வு கடினமாகிறது. இரண்டையும் ஒருசேர நிறைவேற்றுவது, மாவிலேயே உருளைக்கிழங்கு சேர்த்துச் சுடும் உருளைக்கிழங்கு பன்தான் என்பது என் உறுதியான கருத்து. அந்த முடிவுக்கு வந்த காரணங்களை இங்கே சற்று விரிவாகச் சொல்கிறேன்.

அமெரிக்காவில் ஹாம்பர்கர் பன்னோடு பிறக்கவில்லை. கனெக்டிகட் மாநிலத்தின் நியூ ஹேவன் நகரில் இருக்கும் லூயிஸ் லன்ச் என்ற சிறிய உணவகம், 1900ஆம் ஆண்டிலிருந்து தாங்கள் ஹாம்பர்கர் பரிமாறி வருவதாகச் சொல்கிறது. அங்கே இன்றைக்கும் பன் கிடையாது; வாட்டிய இரண்டு வெள்ளை ரொட்டித் துண்டுகளுக்கு நடுவேதான் இறைச்சி வரும். 1898ஆம் ஆண்டைச் சேர்ந்த வார்ப்பிரும்பு அடுப்புகளில் இறைச்சியைச் செங்குத்தாக நிறுத்தி, இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் வேக வைக்கிறார்கள். கெச்சப் கேட்டால் கொடுக்கமாட்டார்கள். சீஸ், வெங்காயம், தக்காளி ஆகியவற்றோடு சரி. அந்த ஹாம்பர்கரை நான் மதிக்கிறேன். ஆனால் அது ஏன் மற்ற ஊர்களுக்குப் பரவவில்லை என்பதும் அதைக் கையில் எடுத்த சில நிமிடங்களில் புரிந்துவிடுகிறது. வெட்டிய ரொட்டித் துண்டில் இரண்டு பக்கமும் வெறும் சதைதான். ஓரத்தில் மட்டுமே மெல்லிய தோல் இருக்கிறது. உள்ளிருந்து ஊறும் சாறு அதைத் தாண்டி விரலை அடைவதற்கு அதிக நேரம் ஆவதில்லை.

பன்னின் சிறப்பு இங்கேதான் இருக்கிறது. தனியாக உருட்டிச் சுட்ட பன்னை நடுவில் அறுத்தால், அறுத்த முகம் மட்டுமே திறந்திருக்கும்; வெளிப்புறம் முழுவதும் மூடிய தோலாக இருக்கும். கை படும் இடம் உலர்ந்தும், இறைச்சி படும் இடம் உறிஞ்சும் தன்மையோடும் இருக்கின்றன. கான்சாஸ் மாநிலத்தின் விசிட்டா நகரில் ஹாம்பர்கர் கடை நடத்திய வால்டர் ஆண்டர்சன், 1916 வாக்கில் இப்படித் தனி பன்னில் வைத்து விற்கத் தொடங்கியவராக அறியப்படுகிறார். அவர் பில்லி இங்கிராமுடன் சேர்ந்து 1921இல் தொடங்கியதுதான் ஒயிட் காசில் என்ற ஹாம்பர்கர் கடைத் தொடர். அன்று ஒரு ஹாம்பர்கர் 5 சென்ட். சிறிய, சதுரமான, மெல்லிய இறைச்சித் துண்டுகளை வெங்காயப் படுக்கையின் மேல் வைத்து, அதிலிருந்து எழும் நீராவியிலேயே வேகவிட்டு, பன்னையும் அந்த இறைச்சியின் மேலேயே வைத்துவிடுவார்கள். பின்னாளில் நீராவி மேலேறுவதற்காக ஒவ்வோர் இறைச்சித் துண்டிலும் ஐந்து துளைகள் இடும் வழக்கமும் வந்தது. ரொட்டியும் இறைச்சியும் தனித்தனியாகத் தயாராகி இலையில் சந்திக்காமல், கல்லின் மேலேயே ஒன்றோடொன்று பழகிவிட வேண்டும் என்ற எண்ணம் இந்த முறைக்குள் இருக்கிறது. ஓக்லஹோமாவின் எல் ரினோ ஊரில் இன்றும் செய்யப்படும் வெங்காய பர்கரும் இதே வழியில் வந்ததுதான்.

இந்த முறையை நெருங்கி நின்று பார்க்க விரும்புகிறவர்கள் நியூ ஜெர்சியின் ஹாக்கன்சாக்கில் இருக்கும் ஒயிட் மன்னாவுக்குப் போகலாம். மிகச் சிறிய கட்டடம். வளைந்த மேடையைச் சுற்றி முக்காலிகள். மேடைக்கு உள்ளே, எல்லோர் கண்ணுக்கும் தெரியும்படி ஒரு சிறிய இரும்புக் கல். சமையல்காரர் கொத்துக்கறியை எலுமிச்சம்பழத்தைவிடச் சற்றுப் பெரிய உருண்டையாகக் கல்லில் போட்டு, அதன்மேல் மெல்லியதாகச் சீவிய வெங்காயத்தைக் கைப்பிடியளவு வைத்து, கரண்டியின் முதுகால் அழுத்துகிறார். வெங்காயம் இறைச்சிக்குள் புதைந்துவிடுகிறது. திருப்பிப் போட்டதும் சீஸ்; அதன்மேல் உருளைக்கிழங்கு பன்னின் இரண்டு பாதிகள். அடுத்த ஒரு நிமிடத்தில் நடப்பதை நான் ஒவ்வொரு முறையும் கண்ணிமைக்காமல் பார்ப்பேன். கல்லிலிருந்து எழும் வெங்காய ஆவி பன்னுக்குள் ஏறுகிறது. பன்னின் தோல் மெல்லச் சுருக்கம் நீங்கிப் பளபளக்கிறது. எடுத்துத் தட்டில் வைக்கும்போது அது கனம் கூடி, தொட்டால் குழந்தையின் கன்னம் போல அமுங்குகிறது. அங்கே என் அம்மாவை அழைத்துப் போயிருந்தபோது, இறைச்சியைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் பன்னைத்தான் முதலில் பிய்த்துப் பார்த்தார். “பன்னு நம்ம ஊரு பேக்கரி பன்னாட்டமே இருக்குடா, இனிப்புதான் கொஞ்சம் கம்மி” என்றார். அவர் சொன்னது மிகச் சரியான கணிப்பு.

மென்மை எங்கிருந்து வருகிறது என்பதைத் தெரிந்துகொண்டால் கடையில் பன் வாங்குவது எளிதாகிவிடும். மாவு, நீர், உப்பு, ஈஸ்ட் ஆகிய நான்கை மட்டும் கொண்டு சுடும் பிரெஞ்சு பாகெட் போன்ற ரொட்டிகளுக்குத் தோல் தடித்து, உட்பகுதி இழுவையாக இருக்கும். அதே மாவில் பால், சர்க்கரை, வெண்ணெய், முட்டை ஆகியவற்றைச் சேர்க்கும்போது கொழுப்பு, மாவுக்கு இழுவை தரும் குளூட்டன் என்ற புரதத்தின் இழைகளைச் சூழ்ந்து அவை நீளமாக வளர்வதைத் தடுக்கிறது. சர்க்கரை நீரைப் பிடித்துவைக்கிறது. முட்டையின் மஞ்சள் கரு உட்பகுதியை மிருதுவாக்குகிறது, வெள்ளைக் கரு அதற்குக் கட்டமைப்பைத் தருகிறது. ஹாம்பர்கர் பன் இந்த இரண்டாவது குடும்பத்தைச் சேர்ந்தது. கேள்வி, எவ்வளவு சேர்ப்பது என்பதில்தான் இருக்கிறது.

பிரியோஷ் என்ற, வெண்ணெய் மிகுந்த பிரெஞ்சு ரொட்டியைப் பற்றி எனக்கு இருக்கும் கருத்து வேறுபாடு இந்த அளவைப் பற்றியதே. முறையான பிரெஞ்சு பிரியோஷில் வெண்ணெய் மாவின் எடையில் பாதி வரையிலும், சில வேளைகளில் அதற்கு மேலும் இருக்கும். காலையில் காபியோடு சாப்பிட அதைப் போல ஒன்று இல்லை. ஆனால் ஹாம்பர்கருக்கான கொத்துக்கறியில் ஏற்கெனவே ஐந்தில் ஒரு பங்கு கொழுப்பு இருக்கிறது. அதன்மேல் உருகிய சீஸ் இருக்கிறது. அதற்கும் மேல் மயோனைஸ். இவற்றையெல்லாம் தாங்க வேண்டிய ரொட்டியே வெண்ணெயில் நனைந்திருந்தால் நாக்குக்கு இளைப்பாற இடமே கிடைப்பதில்லை. மூன்றாவது கடியில் திகட்டத் தொடங்கிவிடுகிறது. மேலும், வெண்ணெய் மிகுந்த உட்பகுதி குளிர்ந்திருக்கும்போது உறுதியாகத் தெரிந்தாலும், சூடான இறைச்சி பட்டவுடன் கேக்கைப் போல உதிர்கிறது. 2001இல் சமையல் கலைஞர் டேனியல் பூலூ நியூயார்க்கில் ஃபுவா கிரா என்ற கொழுத்த வாத்து ஈரலும் டிரஃபிள் என்ற விலையுயர்ந்த காளானும் உள்ளே வைத்த ஒரு பர்கரை அறிமுகப்படுத்திய காலத்திலிருந்து, உயர்தர உணவகங்கள் ஹாம்பர்கரைக் கையிலெடுத்தன; அந்த அலையில்தான் பிரியோஷும் பரவியது. இன்று சூப்பர் மார்க்கெட்டில் அந்தப் பெயரோடு அடுக்கப்பட்டிருக்கும் பைகள் பலவற்றைத் திருப்பிப் பார்த்தால், வெண்ணெய்க்கு முன்னால் வேறு எண்ணெய்களின் பெயர்கள் இருக்கின்றன. உண்மையான பிரியோஷ் இதற்குப் பொருந்தவில்லை என்பது ஒரு குறை; பொருந்தாத அந்தப் பெயருக்காகக் கூடுதல் விலை கொடுப்பது இன்னொரு குறை.

உருளைக்கிழங்கு பன் இந்தச் சிக்கலை வேறு வழியில் தீர்க்கிறது. வேகவைத்து மசித்த உருளைக்கிழங்கையோ உலர்ந்த உருளைக்கிழங்குத் தூளையோ மாவில் ஒரு பங்கு சேர்க்கிறார்கள். உருளைக்கிழங்கில் குளூட்டன் இல்லை. ஆகவே மாவின் இழுவை குறைகிறது. அதன் மாவுச்சத்து நிறைய நீரை உறிஞ்சித் தன்னுள் வைத்துக்கொள்கிறது; ஆகவே வெண்ணெயைக் கூட்டாமலேயே ஈரமும் மென்மையும் கிடைக்கின்றன. அதைவிட முக்கியமானது, இந்த மென்மை உதிரும் மென்மை இல்லை என்பதுதான். பன்னை உள்ளங்கையில் வைத்து நன்றாக அமுக்கிவிட்டுக் கையை எடுத்தால், அது மெதுவாக எழுந்து பழைய உருவத்துக்குத் திரும்பும். பல் அமுக்கும்போது வழிவிட்டு, பல் விலகியதும் இறைச்சியை மீண்டும் பற்றிக்கொள்ளும் குணம் இது. பென்சில்வேனியாவின் சேம்பர்ஸ்பர்க்கில் 1955இல் ஒரு தம்பதியர் வீட்டுக் கொட்டகையில் தொடங்கிய மார்ட்டின்ஸ் நிறுவனத்தின் பன்தான் அமெரிக்காவின் கிழக்குக் கடற்கரையில் இதற்கு இலக்கணம். 2004இல் நியூயார்க்கின் மேடிசன் சதுக்கப் பூங்காவில் நிலையான கடையாகத் திறந்த ஷேக் ஷாக் இதே பன்னைத்தான் எடுத்துக்கொண்டது. அங்கே பன்னை முழுவதும் அறுக்காமல் ஒரு பக்கம் ஒட்டியபடி விட்டு, புத்தகத்தைப் போலத் திறந்து வாட்டுகிறார்கள். அந்த ஒட்டிய பக்கம் பின்புறமாக இருந்து, உள்ளே இருப்பது நழுவாமல் தடுத்துவிடுகிறது. வீட்டில் செய்யும்போதும் இதைப் பின்பற்றலாம். ஒரு கத்தி வெட்டில் கிடைக்கும் பெரிய பயன் அது.

எள் தூவிய பன்னைப் பற்றி ஒரு சொல். எள் சுவையைவிடப் பல்லுக்கு வேலை தருவதற்காகவே இருக்கிறது என்று நினைக்கிறேன். சுடும்போது லேசாக வறுபட்டு வரும் மணமும் உண்டு. பென்சில்வேனியாவின் யூனியன்டவுனில் மெக்டொனால்ட்ஸ் கிளை நடத்திய ஜிம் டெலிகாட்டி, 1967இல் இரண்டு இறைச்சி வில்லைகளை அடுக்கி பிக் மாக் செய்தபோது, வழக்கமான சிறிய பன் அதைத் தாங்கவில்லை. உள்ளூர் பேக்கரியிலிருந்து பெரிய எள் பன்னை வரவழைத்து, நடுவில் மூன்றாவதாக ஒரு ரொட்டித் துண்டையும் வைத்த பிறகுதான் அது நிலையாக நின்றது. உள்ளே என்ன வைப்பது என்பதைப் போலவே, அதை எந்த அளவு ரொட்டி தாங்கும் என்பதும் ஒரு ஹாம்பர்கரின் உருவத்தைத் தீர்மானிக்கிறது.

அளவைப் பற்றிப் பேசும்போது இறைச்சி சுருங்குவதை மறக்கக் கூடாது. கல்லில் பட்ட இறைச்சி வில்லை எடையில் ஏறக்குறைய கால் பங்கை இழக்கும், அகலமும் குறையும். ஆகவே 10 சென்டிமீட்டர் அகலமுள்ள பன்னுக்கு, பச்சை இறைச்சியை 11 முதல் 12 சென்டிமீட்டர் வரை விரித்துத் தட்ட வேண்டும். ஓரத்தில் ஒரு விரலகலம் வெறும் ரொட்டியாக இருக்கும் பர்கரில் முதல் இரண்டு கடிகள் வீணாகின்றன. கல்லில் நசுக்கிச் செய்யும் மெல்லிய வில்லைகளுக்கு உருளைக்கிழங்கு பன் மிகப் பொருத்தம். 200 கிராமுக்கு மேற்பட்ட தடித்த வில்லையை ரத்தச் சிவப்பு மாறாமல் நெருப்பில் சுட்டு எடுப்பவர்களுக்கு மட்டும், சற்றே உறுதியான, கைசர் ரோல் என்ற வட்ட ரொட்டியை நான் பரிந்துரைப்பேன். அவ்வளவு சாற்றைத் தாங்க மெல்லிய பன்னால் முடியாது. சியாபட்டா, பிரெட்ஸல் பன், குரோசான் ஆகியவை ஹாம்பர்கரோடு போட்டியிடுகின்றன; அவற்றை விட்டுவிடலாம்.

ரை என்ற தானியத்தின் மாவில் சுடும் ரை ரொட்டிக்கு மட்டும் ஒரு விதிவிலக்கு உண்டு. பாட்டி மெல்ட் என்ற பெயரில் லாஸ் ஏஞ்சலஸ் பக்கத்து உணவகங்களிலிருந்து பரவிய பண்டத்தில், இறைச்சியின் மேலும் கீழும் சுவிஸ் சீஸ், பொன்னிறமாக வதக்கிய வெங்காயம் ஆகியவற்றை அடுக்கி, இரண்டு ரை ரொட்டித் துண்டுகளுக்கு நடுவே வைத்து, முழுவதையும் வெண்ணெயில் முறுகவிடுகிறார்கள். உருகிய சீஸ் இருபுறமும் பசையாக ஒட்டிக்கொள்வதால் இறைச்சி நழுவ இடமில்லை. சாறு ரொட்டிக்குள் இறங்கவும் வழியில்லை. வெட்டிய ரொட்டித் துண்டுக்கு நான் மேலே சொன்ன குறையைச் சீஸ் நீக்கிவிடுகிறது.

நல்ல பன்னைக்கூட வாட்டாமல் பயன்படுத்தினால் அதன் நன்மையில் பாதி போய்விடும். நீராவி முறையில் செய்யாத எல்லா ஹாம்பர்கருக்கும் இது பொருந்தும். அறுத்த முகத்தை மட்டும் வாட்ட வேண்டும். வெளித்தோலில் சூடு படவே கூடாது. இறைச்சியை எடுத்த கல்லிலேயே, அதில் மிஞ்சியிருக்கும் கொழுப்போடு அரைத் தேக்கரண்டி வெண்ணெய் சேர்த்து, மிதமான தீயில் ஒரு நிமிடம் வைத்தால் போதும். அறுத்த முகத்தில் இருக்கும் ஈரம் ஆவியாகி, மேற்பரப்பு 140 டிகிரியைத் தாண்டியதும் பொன்னிறம் ஏறத் தொடங்குகிறது. அந்த மெல்லிய முறுகல் படலமும் அதில் படிந்த கொழுப்பும் சேர்ந்து சாற்றைச் சிறிது நேரம் தடுத்து நிறுத்துகின்றன. கீழ்ப் பாதிக்குத்தான் பாரமும் சாறும் அதிகம் என்பதால் அதை அரை நிமிடம் கூடுதலாக வாட்டலாம். வெண்ணெய்க்குப் பதிலாக மயோனைஸ் தடவி வாட்டினால் நிறம் இன்னும் சீராக வரும். இறைச்சியைக் கல்லிலிருந்து எடுத்து ஒரு நிமிடம் ஆறவிட்டுப் பிறகு பன்னில் வைப்பதும், கீரை இலையை இறைச்சிக்குக் கீழே வைப்பதும் பன்னின் ஆயுளை நீட்டிக்கும்.

இறைச்சி மாறினால் இந்தக் கணக்கும் மாறும். மாட்டிறைச்சி சாப்பிடாத வீடுகளில் கோழியோ, மட்டன் கொத்துக்கறியோ, உருளைக்கிழங்கு வில்லையோதான் பன்னுக்குள் போகிறது. 1996இல் இந்தியாவுக்கு வந்த மெக்டொனால்ட்ஸும் மாட்டிறைச்சி இல்லாமல்தான் தொடங்கியது. ரொட்டித்தூளில் புரட்டிப் பொரித்த உருளைக்கிழங்கு வில்லைக்கு உள்ளே சாறு கிடையாது; மேலே மொறுமொறுப்பு, உள்ளே மசியல். இதற்கு நீராவியில் ஊறிய பன்னைக் கொடுத்தால் மேல் மொறுமொறுப்பும் நமத்துப்போய், எல்லாமே ஒரே பதமாகிவிடும். இங்கே பன்னை நன்றாக, ஓரம் கருகாத அளவுக்குச் சிவக்க வாட்ட வேண்டும். ஈரத்தைச் சட்னியோ சாஸோ கொடுக்கட்டும். தமிழ்நாட்டு பேக்கரிகளில் கிடைக்கும் வழக்கமான பன் கூடுதல் இனிப்போடும் காற்றோட்டத்தோடும் இருக்கிறது; கையால் அமுக்கினால் தட்டையாகி அப்படியே நின்றுவிடும். காரம் கூட்டிய மட்டன் வில்லைக்கு அந்த இனிப்பு நன்றாகவே சேருகிறது. மென்மையான சைவ வில்லைக்கு அது பொருந்துவதில்லை.

நல்ல பன் கிடைக்காத ஊரில் இருப்பவர்கள் வீட்டிலேயே சுடலாம். நம் மைதாவில் புரதம் குறைவு என்பது இங்கே ஒரு நன்மையே. 25 கிராம் மைதாவை 125 மில்லி தண்ணீரில் கரைத்து, 65 டிகிரி சூடு வரும் வரை, அதாவது கரண்டி போன தடம் தெரியும் கூழாகும் வரை கிளறி ஆறவையுங்கள். கிழக்காசிய பேக்கரிகளின் பால் ரொட்டிக்கு மென்மை தருவது இந்தக் கூழ்தான். உருளைக்கிழங்கு செய்யும் வேலையை இதுவும் செய்யும், அதாவது நீரை மாவுச்சத்துக்குள் பூட்டிவைக்கும். இதோடு 375 கிராம் மைதா, 110 மில்லி பால், ஒரு முட்டை, 35 கிராம் சர்க்கரை, 7 கிராம் உப்பு, 6 கிராம் இன்ஸ்டன்ட் ஈஸ்ட் சேர்த்துப் பிசைந்து, மாவு சேர்ந்து வந்த பிறகு 40 கிராம் வெண்ணெயைச் சிறிது சிறிதாகச் சேருங்கள். மாவு கையில் ஒட்டும். கூடுதல் மாவு தூவாமல் பொறுமையாகப் பிசைந்தால் தானே வழவழப்பாகிவிடும். இரண்டு மடங்காக எழும்பியதும் 85 கிராம் உருண்டைகளாகப் பிரித்து, உருட்டிய பிறகு உள்ளங்கையால் தட்டையாக அழுத்திவிடுங்கள். இந்த ஒரு செயலைத் தவிர்த்தால் பன் கோபுரமாக எழுந்து, ஹாம்பர்கரை வாய்க்குள் நுழைய முடியாத உயரத்துக்குக் கொண்டுபோய்விடும். மறுபடி எழும்பிய பிறகு மேலே பால் தடவி, 190 டிகிரியில் 15 முதல் 18 நிமிடம் சுட்டால் போதும். முட்டை தடவினால் பளபளப்பு கூடும், தோலும் சற்றுக் கெட்டிப்படும். ஆகவே நான் பாலோடு நிறுத்திக்கொள்கிறேன்.

மிஞ்சும் பன்களைக் குளிர்பதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் வைக்க வேண்டாம். ரொட்டியின் மாவுச்சத்து மறுபடி இறுகிப் படிகமாவது அந்தக் குளிரில்தான் மிக வேகமாக நடக்கிறது. மேசையில் இருக்கும் பன்னைவிட அங்கே இருக்கும் பன் சீக்கிரம் வறண்டுபோகும். அன்றைக்கோ மறுநாளோ சாப்பிடுவதற்கில்லையென்றால், நடுவில் அறுத்து, காற்றுப் புகாத பையில் போட்டு உறைநிலைப் பெட்டியில் வைத்துவிடலாம். அறுத்தபின் உறையவைத்த பன்னை உருகும் வரை காத்திருக்காமல் நேராகவே கல்லில் கவிழ்க்க முடியும்; தீயைச் சற்றுக் குறைத்து, மேலே ஒரு மூடி போட்டு, இரண்டு நிமிடம் கொடுத்தால் அது இறைச்சியோடு சேர்ந்தே தயாராகிவிடும்.